செப்புத் தகட்டில் ஒரு நகரம்: ஓவியர் விஸ்லரின் வாழ்க்கை

ஓவியம் என்றவுடன் வண்ணமும் தூரிகையும் திரைச்சீலையுமே நம் நினைவுக்கு வரும். வண்ணம் சேராமல், தூரிகை தொடாமல், ஊசியும் அமிலமும் செப்புத் தகடும் கொண்டு ஆக்கப்படும் ஓவிய வகை ஒன்றும் உண்டு. மேலை நாட்டார் அதனை ‘எச்சிங்’ என்பர். நாம் ‘அரிப்போவியம்’ என்று வழங்கலாம். 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு ரெம்பிராண்ட் இக்கலையின் சிகரத்தைத் தொட்டார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதற்குப் புத்துயிர் ஊட்டியவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர்.

கருப்பு உடையில், பக்கவாட்டில் அமர்ந்திருக்கும் தம் அன்னையை விஸ்லர் தீட்டிய வண்ண ஓவியத்தை உலகம் அறியும். ஆனால் 45-ஆம் வயதில் வீடிழந்து, பொருளிழந்து, நின்ற மனிதராய் அவர் தெருவுக்கு வந்தபோது அவருக்குக் கை கொடுத்தவை சில செப்புத் தகடுகளும், பிறர் கழித்துப் போட்ட பழைய தாள்களுமே. அந்தக் கதையை இங்கே காண்போம்.

பிறப்பும் இளமையும்

விஸ்லர் 1834-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11-ஆம் நாள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் நகரில் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர் புகழ்பெற்ற ரயில்பாதைப் பொறியாளர். மாஸ்கோவையும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கையும் இணைக்கும் இருப்புப்பாதை அமைக்க ரஷ்யப் பேரரசர் அவரை அழைத்தார். 1843-இல் குடும்பமும் ரஷ்யா சென்றது. அங்கே, அரசவைக் கலைக்கழகத்தில் சிறுவன் ஜேம்ஸ் ஓவியம் பயின்றான். நோயுற்றுப் படுக்கையில் கிடந்த நாட்களில் ஹோகார்த் என்ற ஆங்கில ஓவியரின் அச்சோவியத் தொகுப்பு ஒன்று அவனுக்குக் கிடைத்தது. கருப்பு மையும் வெள்ளைத் தாளும் மட்டுமே கொண்டு ஓர் உலகத்தைக் காட்டலாம் என்பதை அச்சிறுவன் அன்றே கண்டு கொண்டான்.

1849-இல் தந்தையார் காலரா நோயால் மறைந்தார். குடும்பம் அமெரிக்கா திரும்பியது. வருவாய் குறைந்த நிலையில் அன்னையார் அன்னா தம் மகனை வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் சேர்த்தார். ஆண்டு 1851. ஓவியப் பாடத்தில் அவரே முதல்வர். ஒழுங்கு விதிகளிலோ கடைசி வரிசை. வேதியியல் தேர்வில் சிலிக்கன் என்னும் பொருளை வாயு என்று விளக்கத் தொடங்கித் தோற்றார். 1854-இல் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். சிலிக்கன் மட்டும் வாயுவாக இருந்திருந்தால் தாம் ஒரு படைத் தளபதி ஆகியிருக்கக் கூடும் என்று பிற்காலத்தில் அவர் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. வேதியியலில் தோற்ற அவர்தாம் பின்னர் வாழ்நாள் முழுதும் நைட்ரிக் அமிலத்தைக் கையாண்டு பிழைத்தார்!

வரைபடத்தின் ஓரத்தில்

கல்லூரியை இழந்த இளைஞருக்கு வாஷிங்டன் நகரில் கடற்கரை நில அளவைத் துறையில் வேலை கிடைத்தது. கடற்கரைகளின் வரைபடங்களைச் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிடும் அலுவலகம் அது. அங்கேதான் அரிப்போவியத்தின் நுணுக்கங்கள் அனைத்தையும் அவர் முறையாகக் கற்றார். வேலைக்கு நேரத்தில் வருவதில்லை. வந்தாலும் வரைபடத் தகட்டின் ஓரத்தில் மனிதத் தலைகளைப் பொறித்து வைப்பார். தீவு ஒன்றின் காட்சியில் மேலதிகாரி கேளாமலே பறவைக் கூட்டத்தைச் சேர்த்தார். சில மாதங்களிலேயே, 1855 பிப்ரவரியில், அந்த வேலையும் போயிற்று. ஆனால் கைத்தொழில் கையில் தங்கியது.

அதே ஆண்டில் பாரிஸ் சென்றவர் மீண்டும் தாய்நாடு திரும்பவேயில்லை. 1858-இல் பன்னிரண்டு அரிப்போவியங்கள் கொண்ட தம் முதல் தொகுதியை வெளியிட்டார். ‘பிரெஞ்சுத் தொகுதி’ என்று பின்னாளில் பெயர் பெற்றது அது. அதனை அச்சிட்டவர் ஒகுஸ்த் தெலாத்ர் என்ற தேர்ந்த அச்சாளர். தகட்டில் மையை எப்படித் துடைப்பது, எவ்வளவு மையை மேற்பரப்பில் விட்டு வைப்பது, எந்தத் தாளுக்கு எந்தத் தகடு ஒத்துவரும் என்பவற்றை விஸ்லர் அவருடைய அச்சுக்கூடத்தில் கண்ணால் பார்த்துக் கற்றார்.

1859-இல் லண்டனில் குடியேறினார். தேம்ஸ் ஆற்றின் கரையில், பண்டகசாலைகளும் படகுத் துறைகளும் மலிந்த வாப்பிங், ராதர்ஹித் பகுதிகளில் தங்கி, மாலுமிகளோடும் சுமை தூக்குவோரோடும் பழகி, அப்பகுதியைத் தகட்டில் வரைந்தார். கூரையின் ஓடுகளையும் மரச்சுவரின் பலகைகளையும் ஒவ்வொன்றாய் எண்ணிவிடலாம் போன்ற நுட்பம்! பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் 1862-இல் இவற்றைப் பாராட்டி எழுதினார். 1871-இல் இவை 16 படங்கள் கொண்ட ‘தேம்ஸ் தொகுதி’யாக வெளிவந்தன.

அரிப்போவியம் உருவாகும் விதம்

இக்கலையின் செய்முறையை அறியாமல் விஸ்லரின் பெருமையை அளவிட இயலாது. நன்கு மெருகிட்ட செப்புத் தகட்டின்மீது மெழுகும் பிசினும் நிலக்கீலும் கலந்த மெல்லிய பூச்சைப் பரப்புவர். அப்பூச்சைப் புகையில் காட்டிக் கருமையாக்குவர். பின் கூரிய ஊசியால் அதன்மேல் வரைவர். ஊசி செல்லும் இடமெல்லாம் பூச்சு விலகிச் செம்பு பளபளக்கும். அமிலத்தை ஊற்றினால் பூச்சுள்ள இடத்தை அது தீண்டாது. கோடுகளில் மட்டும் செம்பைத் தின்று பள்ளமாக்கும். குமிழிகள் தோன்றும், இறகு ஒன்றால் அவற்றை மெல்ல விலக்க வேண்டும். மெல்லியதாய் நிற்க வேண்டிய கோடு போதிய அளவு அரிக்கப்பட்டவுடன் அதனை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, ஆழமாக வேண்டிய கோட்டை மேலும் அரிக்க விடுவர். ஒரு நிமிடம் கூடினாலும் படம் கெடும்.

பின் பூச்சைக் களைந்து, தகடு முழுதும் மை தேய்த்து, மேற்பரப்பை மல் துணியாலும் உள்ளங்கையாலும் துடைப்பர். பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஏட்டுச் சுவடியில் எழுத்தாணியால் கீறி, மை தடவித் துடைத்தவுடன் எழுத்து கருமையாய்த் தெரிவதை நம் முன்னோர் அறிவர். இதுவும் அத்தகையதே. அடுத்து, ஈரமாக்கிய தாளைத் தகட்டின்மேல் வைத்து, கம்பளித் துணி போர்த்தி, இரு உருளைகளுக்கிடையே செலுத்தினால், அழுத்தத்தில் தாள் பள்ளத்தினுள் புகுந்து மையை உறிஞ்சி எடுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் மறுபடி மை பூசி, மறுபடி துடைக்க வேண்டும். ஆகவே, ஒரே தகட்டிலிருந்து வரும் இரு படங்கள்கூட முற்றிலும் ஒன்றாக அமைவதில்லை.

வழக்கும் வீழ்ச்சியும்

1870-களில் விஸ்லரின் புகழ் வளர்ந்தது; பகையும் வளர்ந்தது. தம் மைத்துனரும் அறுவை மருத்துவரும் அரிப்போவியருமான சீமோர் ஹேடனுடன் 1867-இலேயே பூசலிட்டு உறவை முறித்திருந்தார். தம்மை ஆதரித்த செல்வர் லேலண்டின் உணவுக்கூடத்தை மயில் ஓவியங்களால் அலங்கரித்து, கூலி பற்றிய சண்டையில் அவரையும் பகைத்தார். அவருடைய நாவு அவருடைய ஊசியைவிடக் கூரியது.

1877-இல் லண்டனில் நடந்த ஒரு கண்காட்சியில் இரவு வானில் வாணவேடிக்கை சிதறும் காட்சியை வைத்தார். விலை 200 கினி. அதனைக் கண்டு சினந்த ஜான் ரஸ்கின், பொதுமக்கள் முகத்தில் வண்ணச் சட்டியை வீசி எறிவதற்கு இவ்வளவு பணமா என்னும் பொருள்பட எழுதினார். ரஸ்கின் சாதாரண மனிதர் அல்லர். அண்ணல் காந்தியடிகள் 1904-இல் தென்னாப்பிரிக்காவில் ரயில் பயணத்தின்போது படித்துத் தம் வாழ்க்கையையே மாற்றிக் கொண்டாரே, அந்த ‘கடையனுக்கும் கதி மோட்சம்’ எனும் நூலை எழுதிய பேரறிஞர் அவர். கலையுலகில் அவர் சொன்னால் அது தீர்ப்பு. விஸ்லர் 1,000 பவுன் இழப்பீடு கேட்டு அவதூறு வழக்குத் தொடர்ந்தார்.

1878 நவம்பரில் இரண்டு நாட்கள் வழக்கு நடந்தது. நோயுற்றிருந்த ரஸ்கின் நேரில் வரவில்லை. இரண்டு நாள் உழைப்புக்கா 200 கினி என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். வாழ்நாள் முழுதும் தேடிய அறிவுக்கான விலை அது என்று விஸ்லர் விடையிறுத்தார். நடுவர் குழு அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஆனால் இழப்பீட்டுத் தொகை எவ்வளவு? ஒரு ஃபார்த்திங்! அதாவது பென்னியில் கால் பங்கு. நம் ஊர்த் தம்பிடியை ஒத்த காசு. செலவுத் தொகையும் இல்லை. வெற்றி பெற்றவர் வீதியில் நின்றார்.

கடன் நாலாயிரம் பவுனுக்கு மேல் ஏறியிருந்தது. 1879 மே மாதத்தில் ‘மஞ்சள் கடுதாசி’ கொடுத்தார். செல்சி பகுதியில் ஆசையோடு கட்டிய ‘வெள்ளை மாளிகை’ செப்டம்பரில் விற்கப்பட்டது. 1880 பிப்ரவரியில் அவர் தேடித் தேடிச் சேர்த்த பீங்கான் கலங்களும் ஏலம் போயின. ஏலக்கூவலைக் கேட்க அவர் அங்கு இல்லை. அப்போது அவர் வெனிஸ் நகரத்தில் இருந்தார்.

வெனிஸ் பயணம்

லண்டன் நியூ பாண்ட் தெருவில் 1876-இல் தொடங்கப்பட்ட ‘ஃபைன் ஆர்ட் சொசைட்டி’ என்ற கலைப்பொருள் நிறுவனம் ஒன்று இருந்தது. ரஸ்கினின் வழக்குச் செலவை ஈடுகட்ட நண்பர்களிடம் நிதி திரட்டியதும் இந்த நிறுவனமே. காலத்தின் கோலத்தைப் பாருங்கள்! அதே நிறுவனம் விஸ்லரை அழைத்து, வெனிஸ் நகரக் காட்சிகளைப் பன்னிரண்டு தகடுகளில் பொறித்துத் தருமாறு கேட்டு, 150 பவுன் முன்பணமும் தந்தது. மூன்று மாதத்தில், கிறிஸ்துமஸுக்குள் திரும்ப வேண்டும் என்பது பேச்சு. 1879 செப்டம்பரில் விஸ்லர் புறப்பட்டார். ‘வெனிஸ் நகரத்துக் கற்கள்’ என்ற பெருநூலை எழுதி அந்நகரின் கோபுரங்களையும் தூண்களையும் ஆங்கிலேயருக்கு அறிமுகம் செய்தவர் ரஸ்கின்தாம். எவரால் வீழ்ந்தாரோ, அவருடைய ஊருக்கே எழுவதற்குச் சென்றார் விஸ்லர்.

மூன்று மாதம் பதினான்கு மாதமாயிற்று. அந்தக் குளிர்காலம் மிகக் கடுமையானது. விறைத்த விரல்களால் செப்புத் தகட்டைப் பிடிக்கவும் இயலாத நாட்கள் இருந்தன. முன்பணம் கரைந்தது. அறிந்தவரிடமெல்லாம் கைமாற்று வாங்கினார். நிறுவனத்தார் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினர். தகடுகள் எங்கே என்ற கேள்விக்கு, இன்னும் சிறிது காலம் என்ற விடையே சென்றது. 

அவர் சோம்பியிருக்கவில்லை. புகழ்பெற்ற மாளிகைகளையும் பேராலயங்களையும் பலரும் வரைந்து தீர்த்துவிட்டனர் என்பதை அவர் அறிவார். ஆகவே பயணிகள் நுழையாத சந்துகளிலும் குறுகிய கால்வாய்களிலும் நடந்தார். ‘வாயில்’ என்ற படத்தில் பழைய மாளிகை ஒன்றின் முகப்பு. அழகிய கல்வேலைப்பாடு, தண்ணீரில் இறங்கும் படிகள், உள்ளே இருட்டு. உற்று நோக்கினால் அவ்விருட்டில் நாற்காலிகள் தொங்குகின்றன. பிரபுக்கள் வாழ்ந்த மாளிகை நாற்காலி பழுது பார்க்கும் கடையாகிவிட்டது! ‘பிச்சைக்காரர்கள்’ என்ற படத்தில் இருண்ட நடைவழி, அதன் வாயிலில் வறியவர்கள், அப்பால் வெளிச்சம். ‘சின்ன வெனிஸ்’ என்ற படத்திலோ நகரமே தொலைவில் ஒரு மெல்லிய கோடாக நீருக்கும் வானுக்கும் நடுவே மிதக்கிறது. தகட்டின் பெரும்பகுதி வெறுமை.

இந்த வெறுமையே அவருடைய புதுமை. தேம்ஸ் கரையில் ஓடுகளை எண்ணி வரைந்தவர், வெனிஸில் எதை விடுவது என்பதைக் கற்றார். காட்சியில் தம் கண்ணை ஈர்க்கும் ஒரு புள்ளியில் தொடங்குவார். ஒரு பாலத்தின் வளைவோ ஒரு கதவோ போதும். அங்கிருந்து வெளி நோக்கி வரைந்து செல்வார். மனம் நின்ற இடத்தில் கோடும் நிற்கும். நேரே நகரத்தைப் பார்த்துத் தகட்டில் வரைந்ததால், அச்சில் இடம் வலமாக மாறிவிடும். வெனிஸை அறிந்தோர் இதைக் குறையாகச் சொன்னபோதும், ஊர்ப்படம் வரைந்து தருவது தம் வேலையன்று என்று அவர் இருந்துவிட்டார்.

1880 கோடையில் ஃபிராங்க் துவேனெக் என்ற அமெரிக்க ஓவியரின் மாணவர்கள் வெனிஸ் வந்தனர். அவர்களுள் ஆட்டோ பேக்கர் என்பவரிடம் அச்சுப்பொறி ஒன்று இருந்தது. விஸ்லர் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கே குடிபெயர்ந்தார். கடற்கரைச் சாலையைப் பார்த்த அந்தச் சன்னலிலிருந்து வரைந்து, அங்கேயே அச்சிட்டுப் பார்த்து, மீண்டும் தகட்டைத் திருத்தினார். ‘டிரகெட்டோ’ என்ற படத்தின் தகடு, திருத்தித் திருத்திக் கெட்டது. மனம் தளராமல், முதலில் எடுத்த நல்ல படியைக் கண்முன் வைத்துக்கொண்டு, புதிய தகட்டில் கோட்டுக்குக் கோடு மீண்டும் வரைந்தார். பேக்கர் பின்னாளில் இந்த நாட்களைப் பற்றி ஒரு நூலே எழுதியுள்ளார். 1880 நவம்பரில் விஸ்லர் லண்டன் திரும்பியபோது அவர் கையில் கேட்ட பன்னிரண்டுக்குப் பதிலாக ஏறத்தாழ ஐம்பது தகடுகளும், நூறளவில் வண்ணக்கோல் ஓவியங்களும் இருந்தன.

பழந்தாள் வேட்டை

தகடு முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. தாள் எது? இந்தக் கேள்விக்கு விஸ்லர் அளித்த விடை விந்தையானது. அவர் புதுத்தாளை நாடவில்லை. நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஹாலந்திலும் பிறவிடங்களிலும் கையால் செய்யப்பட்ட தாள்களைத் தேடி அலைந்தார். பழைய புத்தகக் கடைகளில் நுழைந்து, வணிகர்களின் பழம் பேரேடுகளில் எழுதாமல் விட்ட ஏடுகளையும், பெரிய நூல்களின் முன்னும் பின்னும் வெறுமையாக விட்ட தாள்களையும் வாங்கிச் சேர்த்தார். ஜப்பானியத் தாளையும் விரும்பினார். நல்ல பழந்தாள் ஒரு கட்டு கிடைத்துவிட்டால் புதையல் கண்டவர் போல் மகிழ்வார்.

இது வெறும் பித்து என்று எண்ணிவிடலாகாது. அதற்குத் தக்க காரணம் உண்டு. அக்காலத் தாள் சணல்நார்த் துணிக் கந்தல்களை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, கம்பிச் சல்லடையில் ஏந்தி எடுத்தது. நார் நீளமானது; தாள் உறுதியானது. நீரில் நனைத்து உருளையில் நசுக்கினாலும் கிழியாது. மையை ஏற்க வேண்டுமானால் தாள் மெத்தென்றிருக்க வேண்டும். எழுதுவதற்காக அதில் ஏற்றிய பசையோ ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழந்து, தாளின் விறைப்பு தளர்ந்திருக்கும். ஆகவே தகட்டின் மெல்லிய கோட்டையும் அது விடாமல் பற்றும். 19-ஆம் நூற்றாண்டில் தாள் எந்திரத்தில் பெருகியது. வெளுப்புத் தூளும் படிகாரமும் சேர்ந்தன. பின் மரக்கூழும் வந்தது. கண்ணைக் கூசும் வெண்மையோடு பிறந்த அத்தாள்களுள் பல சில பத்தாண்டுகளில் பழுப்பேறி நொறுங்கின. கந்தலில் பிறந்த தாளோ நூற்றாண்டுகளைத் தாங்கி நின்றது.

நிறமும் ஒரு காரணம். காலம் தன் கையால் தீட்டிய இளம்பொன் நிறம் பழந்தாளுக்கு உண்டு. வெனிஸின் நீரும் மாலை வானும் அந்த நிறத்திலேயே அமைந்துவிடும். விஸ்லர் கோடு இழுக்காமல் விட்ட வெறும் இடத்தைத் தாள் நிரப்பிற்று. ஒளியை நோக்கிப் பிடித்தால் சல்லடைக் கம்பிகளின் வரிகளும், ஆம்ஸ்டர்டாம் நகரச் சின்னம் போன்ற நீர்க்குறிகளும் தெரியும். ஹாலந்துக் கணக்கர் தொடாமல் விட்ட ஏட்டில் வெனிஸ் நகரத்து நீர் அசைகின்றது!

நூறு படிகள் என்னும் வாக்கு

1880 டிசம்பரில் முதல் வெனிஸ் தொகுதியின் பன்னிரண்டு படங்களும் காட்சிக்கு வந்தன. நூறு தொகுதிகள் மட்டுமே அச்சிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தொகுதியின் விலை 50 கினி.

இத்தனை படிகளுக்கு மேல் இல்லை என்று வரையறுப்பதன் பொருளை இங்குச் சிந்திக்க வேண்டும். பழங்காலத்தில் தகடே அந்த வரையறையை விதித்தது. செம்பு மென்மையானது. ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் நசுக்கும்போதும் கோடு தேயும். அமிலமின்றி ஊசியால் நேரே கீறிய கோட்டின் விளிம்பில் எழும் பிசிறு மையைப் பிடித்துப் பட்டுப் போன்ற கருமை தரும். அப்பிசிறு சில படிகளிலேயே மழுங்கிவிடும். முதற்படிகளுக்கு மதிப்பு மிகுதியானது இதனால்தான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் செப்புத் தகட்டின்மேல் மெல்லிய இரும்புப் படலம் ஏற்றும் முறை வந்தது. அதன்பின் ஆயிரக்கணக்கில் அச்சிடுவதற்குத் தடையில்லை. அன்றுமுதல் படிகளின் எண்ணிக்கை கலைஞன் வாங்குவோருக்குக் கொடுக்கும் வாக்காயிற்று. எண்ணிக்கை முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடுகளைக் கீறி, இனி அச்சிட இயலாதபடி செய்வது அந்த வாக்கைக் காப்பதற்கான வழி.

நூறு தொகுதி என்றால் 1,200 படங்கள். அவற்றைப் பிற அச்சாளர் கையில் விட விஸ்லர் உடன்படவில்லை. தாமே மை பூசினார், துடைத்தார், உருளையைச் சுழற்றினார். ‘இரவு’ என்ற படத்தின் தகட்டில் கோடுகள் மிகச் சில. மேற்பரப்பில் விடும் மைத் திரையே இரவாக அமைய வேண்டும். ஒரு படியில் அந்தி மங்கல், மற்றொன்றில் நள்ளிரவு. ஒரே தகட்டில் பல இரவுகள்! தாளைத் தகட்டின் எல்லை வரை ஓரமின்றி வெட்டி, கீழே ஒரு சிறு நாக்கு மட்டும் விட்டு, அதில் தம் முத்திரையான வண்ணத்துப்பூச்சியைப் பென்சிலால் வரைவார். அதனருகே தாமே அச்சிட்டதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் சுருக்கத்தையும் எழுதுவார்.

இந்தப் பிடிவாதத்துக்கு விலையும் இருந்தது. நூறு தொகுதிகளையும் அவர் காலத்தே கொடுக்கவில்லை. ஆண்டுகள் பல ஓடின. பணம் செலுத்தியவர்கள் காத்திருந்தனர். அதற்குள் தகட்டில் புதுக்கோடுகளைச் சேர்த்தார், பழையனவற்றை அழித்தார். முன்னர்ப் பெற்றவரின் படமும் பின்னர்ப் பெற்றவரின் படமும் வேறுபட்டன. வணிகர் கண்ணில் இது குற்றம். தேய்ந்த தகட்டை அப்படியே ஓட்டித் தொகையை முடித்திருக்கலாம். அதை அவர் செய்யவில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கொடுத்த நாளைக் காக்காத அவர், கொடுக்கும் படத்தின் தரத்தைக் காத்தார். இரண்டையும் காத்திருந்தால் இன்னும் உயர்ந்திருப்பார் என்று சொல்வதே நேர்மை.

விமர்சகர்கள் முதலில் ஏளனம் செய்தனர். இவை முற்றுப்பெறாத கிறுக்கல்கள், இது வெனிஸே அன்று என்றனர். விஸ்லர் காத்திருந்து பழி வாங்கினார். 1883-இல் அதே கூடத்தில் 51 அரிப்போவியங்களை வைத்தார். அறை முழுதும் வெள்ளையும் மஞ்சளும். பணியாளுக்கும் மஞ்சள் உடை. படப்பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே விமர்சகர்கள் முன்பு எழுதிய ஏளனச் சொற்களையே அச்சிட்டு விட்டார். படத்தைப் பார்த்து, கீழே உள்ளதைப் படித்தவர்கள் யாரைக் கண்டு நகைத்தனர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1886-இல் 26 படங்கள் கொண்ட இரண்டாம் தொகுதி வெளிவந்தது. அவற்றுள் பெரும்பாலானவை வெனிஸ் காட்சிகளே. இம்முறை முப்பது தொகுதிகள் மட்டும். ஏற்றுக்கொண்ட படிகளை அவர் தாமதமின்றி அச்சிட்டு முடித்தார். முதல் தொகுதி கற்பித்த பாடம் வீண் போகவில்லை.

பிற்காலம்

1881 ஜனவரியில் அன்னையார் மறைந்தார். 1888-இல் விஸ்லர் பியட்ரிஸ் என்ற ஓவியப் பெண்மணியை மணந்தார். 1889-இல் மனைவியுடன் ஆம்ஸ்டர்டாம் சென்று, பழைய வீடுகள் கால்வாய் நீரில் நிழலாடும் காட்சிகளைத் தகடுகளில் பொறித்தார். தேம்ஸின் நுட்பமும் வெனிஸின் ஒளியும் அவற்றில் ஒன்று கலந்தன. அவர் நேசித்த தாள் பிறந்த நாடு அது; ரெம்பிராண்ட் வாழ்ந்த ஊரும் அதுவே. 1891-இல் பிரெஞ்சு அரசு அவருடைய அன்னையின் ஓவியத்தை வாங்கிற்று. ஃபார்த்திங் பெற்ற ஓவியர்க்கு ஒரு நாடே மதிப்பளித்தது.

1896-இல் பியட்ரிஸ் புற்றுநோயால் இறந்தார். அதன்பின் அவர் ஊசியைத் தொட்டது குறைவு. 1903 ஜூலை 17-ஆம் நாள், 69-ஆம் வயதில், லண்டனில் விஸ்லர் காலமானார். சிஸ்விக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் ஆக்கிய அரிப்போவியங்கள் நானூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலும், வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்திலும், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் அவை போற்றிக் காக்கப்படுகின்றன. ஒவ்வொரு படியும் எந்தத் தாளில் அச்சிடப்பட்டது, எந்த நீர்க்குறி உடையது என்பதை அறிஞர்கள் ஆராய்ந்து குறித்துள்ளனர்.

விஸ்லரின் வாழ்க்கையில் நாம் விலக்க வேண்டியவை உண்டு. அவருடைய செருக்கும் பூசலும் அவருக்கே பகையாயின. கொள்ள வேண்டியவையும் உண்டு. தேர்வில் தோற்று, வேலையை இழந்து, மஞ்சள் கடுதாசி கொடுத்த பின்னும், சில மாதங்களே பார்த்த ஓர் அலுவலில் கற்ற தொழில் அவரைக் காத்தது. கற்ற எதுவும் வீணாவதில்லை. இன்று வெனிஸ் செல்வோர் அந்தச் சந்துகளில் பலவற்றை உருமாறியே காண்பர். 1880-இன் அந்த மாலைப்பொழுது மட்டும், யாரோ ஒரு வணிகர் எழுதாமல் விட்ட தாளில், மங்காமல் இருக்கின்றது.